பூசணியின் துணை

எங்கள் ஆய்வுக்குழுவில் ஒரு கட்டுரை வெளியே போவதற்கு முன் அதைக் கொல்வதற்கு ஒருவரை நியமிப்பார்கள். அதற்குப் பெயரே 'கொலை வாரம்'தான். பத்து வேலை நாள் என்பதால் உண்மையில் இரண்டு வாரம். நியமிக்கப்பட்டவர் கட்டுரைக்கான தரவு, கணினி நிரல், வரைபடம் எல்லாவற்றையும் வாங்கிவைத்துக்கொண்டு, எங்கே ஓட்டை என்று சல்லடை போட்டுச் சலிக்க வேண்டும். கடைசி நாளன்று எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று ஒரே வார்த்தை சொல்ல வேண்டும். 'செத்தது', இல்லையென்றால் 'பிழைத்தது'.

பதினான்கு வருடத்தில் நான் பதினொரு கட்டுரைகளைக் கொன்றிருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் எனக்குச் 'சந்தேகம்' என்று பெயர். "சந்தேகம் வந்தாச்சா?" என்று விசாரித்துவிட்டுத்தான் காபி மெஷின் பக்கமே சிலர் போவார்கள். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை, உள்ளூரப் பெருமைதான். பூசி மெழுகிப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

ஒரே ஒரு கட்டுரையை மட்டும் யாராலும் கொல்ல முடியவில்லை. அது என்னுடையது.

அது நாங்கள் பூசணி என்று செல்லமாகக் கூப்பிடும் ஒரு நட்சத்திரத்தைப் பற்றியது. நம் சூரியன் தன்னைத்தானே ஒரு சுற்று சுற்றிவர ஏறக்குறைய இருபத்தைந்து நாள் எடுத்துக்கொள்ளும். அதைவிடப் பெரிய இந்தப் பூசணியோ பத்து மணி நேரத்தில் சுற்றிவிடும். அந்த வேகத்தில் இடுப்பு பிதுங்கி, உச்சியும் அடியும் அமுங்கிக் கிடக்கிறது. போதாக்குறைக்கு அது துடிக்கவும் செய்கிறது. விரிந்து சுருங்கும்போது அதன் வெளிச்சம் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடிக் குறையும். செயற்கைக்கோள் அதை அளந்து அனுப்ப, நாங்கள் அந்தத் துடிப்புகளை எண்ணி, உள்ளே என்ன இருக்கிறது என்று கணக்குப் போடுவோம். பாத்திரக் கடையில் பாத்திரத்தைத் தட்டிப் பார்த்துக் கனம் சொல்வார்களே, அந்த வேலைதான். தட்டுவதற்குக் கை மட்டும் எட்டாது.

ஒன்பது வருடத்துக்கு முன் பழைய செயற்கைக்கோள் நான்கு வருடம் எடுத்த அளவீடுகளில், பூசணி ஒரு நாளைக்குப் பத்தொன்பது முறை துடிப்பதைக் கண்டுபிடித்தேன். அதுவல்ல விஷயம். வரைபடத்தில் அந்தப் பத்தொன்பது ஒற்றைக் கூர்முனையாக இல்லாமல், நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று பல்லாகப் பிரிந்திருந்தது. துடிப்பு சில மாதம் கொஞ்சம் முந்தி வருகிறது, சில மாதம் பிந்தி வருகிறது என்று அதற்கு அர்த்தம். யாரோ பூசணியை அப்படியும் இப்படியும் இழுக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு துணை நட்சத்திரம் முந்நூற்று எழுபத்தொரு நாளுக்கு ஒரு முறை அதைச் சுற்றிவருகிறது என்று எழுதினேன்.

என் கட்டுரையின் கொலை வாரக் கூட்டத்தில் கருவிப் பிரிவு இன்ஜினியர் ஒருவர் கையைத் தூக்கினார். "நம்ம செயற்கைக்கோள் சூரியனைச் சுத்தி வர்றதுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு நாள்தானே ஆகுது மேடம்?"

"செயற்கைக்கோளோட கோளாறுன்னா பக்கத்துல இருக்கிற நட்சத்திரம் எல்லாத்துலயும் தெரியணும். எட்டு நட்சத்திரம் பாத்தேன். ஒண்ணுலயும் இல்ல. நாள் கணக்கு ஒத்துப்போறது தற்செயல்" என்றேன். இன்ஜினியர் உட்கார்ந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் ஒன்பது வருடம் என் காதில் இருந்தது.

என் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். கிளட்சைப் பிடிக்கத் தெரியாமல் நடுச்சாலையில் நிற்கிறவர்களிடமெல்லாம், "பதட்டப்படாதீங்க, என் பொண்டாட்டி ஒரு நட்சத்திரத்துக்கே ஜோடி கண்டுபிடிச்சவ" என்பார். எனக்கு வீட்டில் 'தரகரம்மா' என்று பெயர். "வரன் எல்லாம் சரி, நட்சத்திரப் பொருத்தம் பாத்தியா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரிப்பார். இந்தப் பழைய நகைச்சுவைக்கு நானும் ஒவ்வொரு தடவையும் சிரித்துத் தொலைத்தேன். அவ்வளவு பிடித்திருந்தது.

இந்த நிலைமையில்தான் டீச்சர் வந்தார். பதினாறு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, திடீரென்று வேலையை விட்டு, மறுபடி படித்து, என்னைவிட இரண்டு வயது மூத்தவராக எங்கள் குழுவில் புதியவராகச் சேர்ந்தார். இரண்டு வருட ஒப்பந்தம். அது முடிய மூன்று மாதம் இருக்கும்போது முதல் கட்டுரையை நீட்டினார். அது வெளிவந்தால் ஒப்பந்தம் நீளும், இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

கட்டுரை பூசணியைப் பற்றியது. புதிய செயற்கைக்கோள் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை அளந்ததை வைத்துப் பார்த்தால், பூசணி துடிப்பது நாளுக்குப் பத்தொன்பது முறை இல்லையாம், இருபத்தொன்பது முறையாம்.

இது எப்படி என்றால், ஓடுகிற மின்விசிறியைக் கைபேசியில் படம் பிடித்தால் சில நேரம் இறக்கைகள் மெதுவாகப் பின்னால் சுற்றுவது போலத் தெரியும். படம் எடுக்கிற வேகம் போதாததால் வருகிற ஏமாற்று அது. பழைய செயற்கைக்கோள் அரை மணிக்கு ஒரு முறைதான் அளந்தது, நாளுக்கு நாற்பத்தெட்டு. அதில் இருபத்து நான்குக்கு மேல் போகிற எந்தத் துடிப்பும் கண்ணாடியில் விழுந்ததுபோல மடங்கி இந்தப் பக்கம் தெரியும். நாற்பத்தெட்டில் இருபத்தொன்பது போனால் பத்தொன்பது. என்னுடைய பத்தொன்பது வெறும் பிம்பம் என்கிறார் டீச்சர். இருபத்தொன்பது என்று வைத்தால் பூசணியின் மற்ற துடிப்புகளோடு அது ஏணிப்படி மாதிரி சம இடைவெளியில் போய் உட்காருகிறது. அந்த இடைவெளியை வைத்து, சுழற்சியில் அது எவ்வளவு தட்டையாகியிருக்கிறது என்று இடுப்பளவு வரை சொல்லியிருந்தார்.

குழுத் தலைவர் என்னைத்தான் கொலைக்கு நியமித்தார்.

"நான் எப்படி சார்? அது என் கட்டுரைக்கே எதிரா இருக்கு."

"அதனாலதாம்மா. இதைக் கொல்றதுக்கு உங்களைவிட ஆசையா வேற யாரு வேலை பாப்பா?" என்றார்.

மனிதர் என் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டார். அந்த நிமிடமே கொன்றுவிட வேண்டும் என்று எனக்கு வெறி வந்திருந்தது.

முதல் நாள் காலை கட்டுரையை அச்செடுத்த தாளில் வாங்கிப் படித்தேன். ஓரிடத்திலும் என் துணை நட்சத்திரம் இல்லை என்று எழுதவில்லை. 'துணை பற்றி முன்பே ஒரு கட்டுரை உண்டு' என்று மரியாதையாக ஒரு வரி, அதில் முந்நூற்று எழுபத்தொரு நாள் என்ற எண். அந்த எண்ணுக்குக் கீழே பென்சிலால் மெல்லிசாக ஒரு கோடு.

தாளைத் தூக்கிக்கொண்டு நேராக அவர் மேசைக்குப் போனேன்.

"டீச்சர், இது என்ன கோடு?"

அவர் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயோ, நான் படிக்கிற பிரதி. அழிச்சுட்டுத் தர மறந்துட்டேன் மேடம்."

"கோடு எதுக்குன்னு கேட்டேன்."

"பழக்கம் மேடம். பள்ளிக்கூடத்துல பேப்பர் திருத்தும்போது தப்புன்னு எழுத மாட்டேன். இந்த இடத்தை இன்னொரு தரம் பாருன்னு ஒரு கோடு மட்டும் போடுவேன்."

"அப்ப என் பேப்பரையும் திருத்திட்டீங்க."

"திருத்தல மேடம். எனக்கே தெரியல. அந்த இடத்துல நின்னுட்டேன், அவ்வளவுதான். சரியா தெரியாததைக் கட்டுரையில எப்படி எழுதறது?"

எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நாற்பத்திரண்டு வயதில் கடைசி பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டது போல இருந்தது. என் அறைக்குத் திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

அடுத்த ஏழு நாளும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். இருபத்தொன்பது பூசணியின் துடிப்புதானா, பக்கத்து நட்சத்திரத்தின் வெளிச்சம் வழிந்து வந்து கலந்ததா? ஒவ்வொரு புள்ளியாகப் பிரித்துப் பார்த்தேன். பூசணியுடையதுதான். செயற்கைக்கோளைத் திருப்புகிற சக்கரங்களின் உதறலா? உதறிய நேரங்களை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டுப் பார்த்தேன். இருபத்தொன்பது அசையவில்லை. பூமியிலிருந்து சிதறிய வெளிச்சமா என்று இரண்டு நாள் மண்டை காய்ந்தேன், அதுவும் இல்லை. டீச்சரின் நிரலை நம்பாமல் நானே புதிதாக ஒன்று எழுதி ஓட்டினேன். அவருடையதைவிட என்னுடையதில் இருபத்தொன்பது இன்னும் தெளிவாக வந்து நின்றது. மனுஷி அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருந்தார். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது.

எட்டாம் நாள் ஓட்டை கிடைத்தது. புதிய செயற்கைக்கோள் பூசணியைப் பார்த்தது மொத்தமே இருபத்தேழு நாள். பழைய அளவீடு முடிந்து ஆறு வருடம் கழித்து. நட்சத்திரங்களின் துடிப்பு காலப்போக்கில் மாறுவது உண்டு. அப்போது பத்தொன்பதாக இருந்தது, இப்போது வேறு துடிப்பு தலைதூக்கியிருக்கிறது என்று சொன்னால் யாராலும் மறுக்க முடியாது. மறுக்க வேண்டுமென்றால் இன்னும் பல வருடம் அளக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். கூரையில் இருக்கும் 'எல்' போர்டைத் துடைத்தபடி, "என்ன, தரகரம்மா முகத்துல களை வந்திருக்கு?" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப அந்த டீச்சர் சொல்றது தப்பா?"

"தப்புன்னு சொல்ல வேண்டாங்க. சந்தேகம் இருக்குன்னு சொன்னாப் போதும். கிடப்புல போட்டுடுவாங்க."

"அவங்க வேலை?"

"போயிடும்."

அவர் துணியைப் பிழிந்து பக்கெட் விளிம்பில் போட்டார். "ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. நிஜமாவே உனக்குச் சந்தேகமா இருக்கா, இல்ல சந்தேகம் இருந்தா நல்லா இருக்கும்னு இருக்கா?"

கோவித்துக்கொண்டுதான் உள்ளே போனேன். ஆனால் கேள்வி கூடவே வந்தது. பதினொரு பேருடைய கட்டுரையைக் கொன்றபோது நான் ஒரு தடவைகூட ஆசைப்பட்டுச் சந்தேகப்பட்டதில்லை. கட்டுரை செத்தவர்களும் என் மேல் கோபமாக இருந்ததில்லை, அதற்கு அதுதான் காரணம். இந்த ஒன்றைப் பொய்யாகக் கொன்றால் அந்தப் பதினொன்றுக்கும் சேர்த்து அர்த்தம் போய்விடும் என்று தோன்றியபோது பயமாக இருந்தது.

ஒன்பதாம் நாள் காலை, எல்லோருக்கும் முன்னால் போய், என் பழைய தரவுகளைத் திறந்தேன். நான்கு வருட அளவீடு, ஒன்பது வருடமாக யாரும் தொடாதது. என் பழைய நிரலும் கூடவே இருந்தது. அதில் வரைபடம் எந்த எண்ணோடு முடிய வேண்டும் என்ற இடத்தில் இருபத்து நான்கு என்று இருந்தது. அரை மணி அளவீட்டில் அதற்கு மேல் பார்த்துப் பயனில்லை என்பது அப்போது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். யாரும் அதைத் தாண்டி வரைய மாட்டோம். இருபத்து நான்கை அழித்து நாற்பத்தெட்டு என்று போட்டேன். மூன்று நிமிடம் ஓடியது.

பத்தொன்பதில் என் மூன்று பல் அப்படியே இருந்தது. இருபத்தொன்பதில், வரைபடம் இதுவரை எட்டாத இடத்தில், ஒரே ஒரு கூர்முனை இருந்தது. பல் இல்லை, பிளவு இல்லை, ஊசி மாதிரி ஒற்றையாக நின்றது.

என்ன நடந்தது என்று அப்போது புரிந்தது. கண்ணாடியை ஆட்டினால் பிம்பம்தான் ஆடும், ஆள் ஆட மாட்டார். செயற்கைக்கோள் சூரியனைச் சுற்றும்போது பாதி வருடம் பூசணியை நோக்கிப் போகிறது, பாதி வருடம் விலகிப் போகிறது. வெளிச்சம் வந்து சேர்வதில் உண்டாகிற அந்த நிமிடக் கணக்கை நாங்கள் நேர் செய்வோம். நேர் செய்ததும் உண்மையான துடிப்பு ஒழுங்காகிவிடும். ஆனால் இரண்டு அளவீட்டுக்கு நடுவில் இருக்கிற அரை மணி கொஞ்சம் நீண்டும் குறுகியும் போகும். பிம்பம் அந்த அரை மணியில் பிறந்தது, அதனால் அதுவும் கூடவே ஆடி மூன்று பல்லாகப் பிரியும். பக்கத்து எட்டு நட்சத்திரத்திலும் அது ஏன் இல்லை என்றால், அவற்றில் எதுவும் இருபத்து நான்கைத் தாண்டித் துடிக்கவில்லை. அவற்றில் பிம்பமே கிடையாது.

முந்நூற்று எழுபத்தொரு நாள் எங்கள் செயற்கைக்கோளின் வருடம். பூசணியை யாரும் இழுக்கவில்லை. ஒன்பது வருடமாக ஆடிக்கொண்டிருந்தது நாங்கள்தான்.

கொஞ்ச நேரம் அழுதேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை. பெற்று வளர்த்த பிள்ளையைப் போலத்தான் அந்தத் துணையை நினைத்திருந்தேன், அப்படி ஒன்று இருந்ததே இல்லை. அழுகைக்கு நடுவிலேயே ஒன்று தெரிந்தது. இந்தப் படம் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. டீச்சரிடம் இல்லை. அவருடைய இருபத்தேழு நாளில் இது தெரியவே தெரியாது. நான் பேசாமல் கோப்பை மூடினால், நட்சத்திரம் மாறியிருக்கலாம் என்ற ஓட்டை அப்படியே இருக்கும், என் துணையும் இருக்கும், ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, படத்தைப் பெரிதாக்கி, மூன்று பல்லின் இடைவெளியை மறுபடி அளக்க ஆரம்பித்தேன். மறுபடி முந்நூற்று எழுபத்தொரு நாள்தான், கூடக் குறைய இரண்டு நாளுக்குள் வந்தது. செயற்கைக்கோளின் வருடத்தோடு அச்சாகப் பொருந்தியது.

பத்தாம் நாள் கூட்டம். நீள மேசையைச் சுற்றி ஒன்பது பேர். டீச்சர் ஓரத்தில், நோட்டுப் புத்தகத்தை மூடி அதன் மேல் இரண்டு கையையும் வைத்து உட்கார்ந்திருந்தார். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளை அவர் எத்தனை பேர் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

எழுந்து நின்றேன். "பிழைத்தது."

டீச்சர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. தலைவர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

"இருங்க சார். இது பிழைக்கணும்னா இன்னொண்ணு செத்தாகணும்" என்று சொல்லிவிட்டுப் படத்தைத் திரையில் போட்டேன். இருபது நிமிடம் பேசினேன். முதலில் நான் கண்டுபிடித்த ஓட்டையைச் சொன்னேன், பிறகு பழைய தரவிலேயே இருந்து அதை அடைக்கும் ஒற்றை முனையைக் காட்டினேன், அதற்குப் பிறகு மூன்று பல்லுக்கு வந்தேன்.

கருவிப் பிரிவு இன்ஜினியர் அதே நாற்காலியில்தான் இருந்தார். அவர் பக்கம் திரும்பினேன். "ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி நீங்க கேட்டீங்க. தற்செயல்னு சொன்னேன். தற்செயல் இல்ல. மன்னிச்சுக்கங்க."

அவர் கூச்சத்தோடு நெளிந்தார். "அட, எனக்கு அப்ப ஒண்ணும் தெரியாது மேடம். எல்லாரும் ஏதாவது கேக்கறாங்களேன்னு கேட்டேன்."

மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். தலைவர் மட்டும் திரையைப் பார்த்தபடி, "இந்தத் தப்பை யாரு கண்டுபிடிச்சதா எழுதிக்க?" என்றார்.

"மேடம்" என்றார் டீச்சர், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே.

"ஆமா, நான்தான்" என்றேன். தன்னடக்கத்துக்காக மறுத்துப் பேச எனக்கு வராது. அந்தத் தப்பைச் செய்தவளும் நான், கண்டுபிடித்தவளும் நான். இரண்டில் இரண்டாவதுதான் கடினமான வேலை. யாரும் கைதட்டவில்லை. அதற்குப் பதிலாக, கூட்டம் கலைந்ததும், சக ஆய்வாளர் ஒருவர் என் பின்னாலேயே நடைபாதையில் வந்து, குரலைத் தாழ்த்தி, "என்கிட்டயும் ஒரு நட்சத்திரத்துக்குத் துணை இருக்கு. சுத்துற காலம்... ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல" என்றார். அவரை என் அறையில் உட்கார வைத்து, நிரலில் எந்த எண்ணை மாற்ற வேண்டும் என்று காட்டினேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் எனக்கோ, ஒன்பது வருடத்துக்கு முன்பு கைதட்டல் வாங்கிய அன்றைவிட நெஞ்சு நிமிர்ந்திருந்தது. இல்லாத ஒன்றுக்காகப் பட்ட பெருமை அது. இது இருக்கிற ஒன்றுக்காக.

மறுநாள் டீச்சர் திருத்திய கட்டுரையோடு வந்தார். என் பழைய தரவையும் ஒற்றை முனைப் படத்தையும் சேர்த்து, ஆசிரியர் பெயரில் தன்னுடையதற்கு அடுத்து என் பெயரையும் போட்டிருந்தார். இப்போது அந்த இருபத்தொன்பதை அசைக்க ஆளில்லை. ஒரு வரியில் வந்து என் கண் நின்றது. 'முந்தைய ஆய்வில் இது வேறு விதமாகப் பொருள் கொள்ளப்பட்டது.'

பேனாவை எடுத்து அந்த வரியை முழுதாக அடித்தேன். மேலே எழுதினேன்: 'முந்தைய ஆய்வின் முடிவு தவறு. அப்படி ஒரு துணை இல்லை.'

"இவ்வளவு பட்டவர்த்தனமா வேணுமா மேடம்?" என்றார் டீச்சர். "அது உங்க கட்டுரை."

"தெரியும். வேற யாரோட கட்டுரையா இருந்தாலும் நான் இப்படித்தான் எழுதியிருப்பேன்."

டீச்சர் தாளை வாங்கி அந்த இரண்டு வாக்கியத்தையும் ஒரு முறை படித்தார். பிறகு என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து, நான் எழுதியதை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் தட்டச்சு செய்தார்.